மாற்றாளாக வந்தவரின் மதிப்பு



குழுவாக ஆடும் விளையாட்டு எதுவாயினும், அதில் இருவகை வீரர் இருப்பர். ஆட்டம் தொடங்கும்போதே களமிறங்குவோர் ஒருவகை. அவர்களுள் எவரேனும் காயமுற்றால் அவ்விடத்தை நிரப்புவதற்கென ஓரத்தில் காத்திருப்போர் மற்றொருவகை. காத்திருப்போரின் பெயரை எவரும் உரத்துக் கூறுவதில்லை. ஆயினும் சிற்சில வேளைகளில் ஒருவருக்கு இடம் கிடைக்கிறது. கிடைத்த இடத்தில் அவர் சுடர்விடுகிறார். அப்பருவம் முழுவதும் ஊர் அவர் பெயரையே பேசுகிறது. பின்னர் பருவம் முடிகிறது, ஒப்பந்தமும் முடிகிறது. அப்பொழுதுதான் அணி நிருவாகத்தார் முன் ஒரு கடினமான வினா எழுகிறது. பெரும் பொருள் கொடுத்து அவரை நிறுத்திக்கொள்வதா? அன்றி, நன்றி கூறி விடைகொடுப்பதா?

இது விளையாட்டுக்காரர் மட்டும் சிந்திக்க வேண்டிய வினா எனத் தோன்றலாம். ஆனால் மனிதரை வேலைக்கு அமர்த்தும் இடங்கள் யாவற்றிலும் இவ்வினா உண்டு. கொழுந்து மிகுந்த காலத்தில் கைக்காசுக்கு வந்தவர் ஒருவர், பெயர் பதிந்த தொழிலாளரினும் மிகுதியாகப் பறித்துக் கொடுக்கிறார் என வைத்துக்கொள்வோம். அவர் பெயரைப் பதிவதா என்று பிரட்டுக் களத்தில் பேச்சு எழுவது இயல்பே. மிகுந்த கொழுந்து அவர் கைத்திறத்தால் வந்ததா, அந்த மாதத்து மழையால் வந்ததா என்று அறிந்தவரே அவ்வினாவுக்குச் சரியான விடை கூற முடியும்.

இவ்வினாவை அண்மையில் உலகறிய எதிர்கொண்டது சென்னை நகரின் கிரிக்கெட் அணி. வினாவுக்கு உரியவரோ நமது மலைநாட்டின் வாயிலாகிய கண்டியிற் பிறந்த ஓர் இளைஞர். அட்டன், நுவரெலியா, தலவாக்கலைப் பகுதித் தோட்டங்களில் சென்னை அணியின் அன்பர் பலர் உளர்; தம் தீவின் வீரர் எங்கு ஆடினும் மகிழ்வோரும் பலர் உளர். இவ்விரு அன்பும் ஒரே ஆளிடத்தில் வந்து கூடியமையால், அவரைப் பற்றிய முடிவு பலருடைய உள்ளத்தைத் தொட்டது. அந்த முடிவு எவ்வாறு எடுக்கப்பட்டது, எவ்வாறு முடிந்தது, அதிலிருந்து அறியத்தக்கது யாது என்பதே இன்றைய உரையின் பொருள்.

மதீஷ பத்திரன 2002ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18ஆம் நாள் கண்டியிற் பிறந்தவர். கண்டித் திருத்துவக் கல்லூரியில் ஆடி வளர்ந்தவர். 2020ஆம் ஆண்டிலும் 2022ஆம் ஆண்டிலும் பத்தொன்பது வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ணப் போட்டிகளில் இலங்கைக்காக ஆடியவர். பந்து வீசும்போது கையைத் தலைக்கு மேலே நேராக உயர்த்தாமல், பக்கவாட்டில் தாழ்த்திச் சுழற்றி எறிவது போன்று வீசுவது அவர் இயல்பு. காலியிலிருந்து வந்து உலகப் புகழ் பெற்ற லசித் மாலிங்கவின் முறையும் அத்தகையதே. பந்து புறப்படும் இடம் தாழ்ந்திருப்பதால், அதன் போக்கை அளவிடுவது துடுப்பாட்டக்காரருக்கு எளிதன்று.

2022ஆம் ஆண்டு இந்தியன் பிரிமியர் லீக் போட்டித் தொடர் நடைபெற்றுக்கொண்டிருந்தபோது, சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் வேகப்பந்து வீச்சாளராகிய நியூசிலாந்து வீரர் அடம் மில்ன் காயமுற்று விலகினார். அவருக்கு மாற்றாளாகவே பத்திரன அழைக்கப்பட்டார். கொடுக்கப்பட்ட தொகை 20 இலட்சம் இந்திய ரூபாய்; அத்தொடரில் வீரர் ஒருவருக்கு அப்போது விதிக்கப்பட்டிருந்த மிகக் குறைந்த விலை அதுவே. மே 15ஆம் நாள் குஜராத் அணிக்கு எதிராக அவர் முதன்முறை களமிறங்கினார். வீசிய முதற் பந்திலேயே சுப்மன் கில்லை ஆட்டமிழக்கச் செய்தார். ஆயினும் அப்பருவத்தில் அவர் ஆடியவை இரண்டே ஆட்டங்கள். பெற்றவை இரண்டே விக்கெட்டுகள்.

மறு ஆண்டு நிலை மாறிற்று. 2023ஆம் ஆண்டுத் தொடரில் 12 ஆட்டங்களில் அவர் 19 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆட்டத்தின் இறுதி ஓவர்களில், எதிரணியினர் ஒவ்வொரு பந்தையும் எல்லைக்கு அனுப்ப முயலும் வேளையில், அணித் தலைவர் மகேந்திர சிங் தோனி பந்தை இவ்விளைஞர் கையிலேயே கொடுத்தார். சென்னை அணி அவ்வாண்டு ஐந்தாம் முறையாகக் கிண்ணத்தை வென்றது. முன்னர்க் கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரன் ஆடிய சென்னை அணியும் 2010ஆம் ஆண்டில் கிண்ணம் வென்றதுண்டு. ஆனால் முரளிதரன் உலகம் அறிந்த பெரு வீரராகச் சென்றவர். பத்திரனவோ மாற்றாளாகச் சென்றவர். ஈராண்டுக்குள் பெயர் அறியாத நிலையிலிருந்து பெயர் முழங்கும் நிலைக்கு அவர் உயர்ந்துவிட்டார்.

2024ஆம் ஆண்டில் அவர் ஆடியவை ஆறு ஆட்டங்களே. ஆயினும் அவற்றில் 13 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஏப்ரில் 14ஆம் நாள் மும்பை வான்கடே மைதானத்தில், மும்பை அணியின் ரோகித் சர்மா ஆட்டமிழக்காமல் நூறு ஓட்டங்களைக் கடந்தும் சென்னை அணி 20 ஓட்டங்களால் வென்றது. 28 ஓட்டங்களைக் கொடுத்து நான்கு விக்கெட்டுகளைப் பெற்ற பத்திரனவே அன்றைய சிறந்த ஆட்டக்காரர். ஆனால் பின்தொடைத் தசையில் ஏற்பட்ட காயத்தினால், தொடர் முடியுமுன்னரே அவர் நாடு திரும்ப நேர்ந்தது. புகழும் காயமும் ஒரே பருவத்தில் சேர்ந்தே வந்தன என்பதை நேயர்கள் நினைவில் வைத்தல் நலம்.

இனி முடிவுக்கு வருவோம். 2025ஆம் ஆண்டுத் தொடருக்கு முன்னர் எல்லா அணிகளும் ஏறத்தாழக் கலைக்கப்பட்டுப் பெரிய ஏலம் ஒன்று நடைபெறவிருந்தது. பழைய வீரருள் ஆறுபேர் வரையே ஓர் அணி தன்னிடம் நிறுத்திக்கொள்ளலாம். வீரர்களுக்காக ஓர் அணி செலவிடக்கூடிய மொத்தத் தொகை 120 கோடி இந்திய ரூபாய். 2024ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னை அணி தன் பட்டியலை வெளியிட்டது. ருதுராஜ் கெய்க்வாட்டுக்கு 18 கோடி, ரவீந்திர ஜடேஜாவுக்கு 18 கோடி, மதீஷ பத்திரனவுக்கு 13 கோடி, சிவம் துபேக்கு 12 கோடி, தோனிக்கு 4 கோடி. ஆக 65 கோடி ஐவருக்காகச் சென்றது. எஞ்சிய வீரர் அனைவரையும் 55 கோடிக்குள் தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஐவருள் பிற நாட்டவர் பத்திரன ஒருவரே.

இருபது இலட்சம் எங்கே, பதின்மூன்று கோடி எங்கே! மாற்றாளாக வந்தபோது பெற்றதைப்போல் அறுபத்தைந்து மடங்கு விலை அது. இத்தகைய முடிவை எடுக்குமுன் நிருவாகத்தார் எவ்வெவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும்?

முதலாவது, சான்று போதுமா என்பது. அந்நாள் வரை பத்திரன சென்னை அணிக்காக ஆடியவை இருபது ஆட்டங்கள். பெற்றவை 34 விக்கெட்டுகள். சிறந்த கணக்குத்தான். ஆனால் இவ்வகை ஆட்டத்தில் ஒரு வீச்சாளர் நான்கு ஓவர்களுக்கு மேல் வீச முடியாது. நான்கு ஓவர் என்பது இருபத்துநான்கு பந்து. ஆகவே மூன்று ஆண்டுகளில் அவர் வீசிய பந்துகள் ஏறக்குறைய ஐந்நூறுக்குள் அடங்கிவிடும். டெஸ்ட் ஆட்டங்களில் உழைக்கும் வீச்சாளர் ஒருவர் சில வாரங்களிலேயே இத்தனை பந்துகளை வீசிவிடுவார். சிறிய அளவிலான சான்றைக்கொண்டு பெரிய விலையை முடிவு செய்வதில் இடர் உண்டு.

இவ்வுண்மையை மலைநாட்டில் உள்ளோர் நன்கறிவர். விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலை மலையில் நூறு செடிகள் நின்றால், அவற்றுள் ஒன்று மட்டும் ஓங்கித் தழைத்திருக்கும். அது நல்ல இனமாக இருக்கலாம். அன்றி, அதனருகே கான் ஓடுவதாலோ, அதன் வேரடியில் மண் வளம் மிகுந்திருப்பதாலோ தழைத்திருக்கலாம். கண்ணாற் கண்ட மாத்திரத்தில் அதன் கிளையை வெட்டித் தோட்டம் முழுவதும் நட்டுவிடுவோர் இலர். 1925ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றுப் பின்னர்த் தலவாக்கலை செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார், அத்தகைய தாய்ச் செடியிலிருந்து கன்றுகளை எடுத்து, உயரத்தாலும் மண்ணாலும் வேறுபட்ட இடங்களில் நட்டு, ஆண்டுக் கணக்கில் கொழுந்தை நிறுத்துப் பார்த்து, கவ்வாத்துக்குப் பின்னும் அது அவ்வாறே தழைக்கிறதா என்று கண்டறிந்த பின்னரே நடுவதற்கு ஏற்றதெனப் பரிந்துரைப்பர். செடிக்கே இத்தனை ஆராய்ச்சி என்றால், மனிதர் ஒருவரின் திறத்தை மதிப்பிடுவதற்கு எத்தனை நிதானம் வேண்டும்!

இரண்டாவது, திறமை எவ்விடத்தில் வெளிப்பட்டது என்பது. திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமும், அதனை அடுத்துத் தெரிந்து வினையாடல் என்று மற்றோர் அதிகாரமும் உள்ளன. ஆளை ஆராய்ந்து நம்புதல் வேறு. நம்பிய ஆளுக்கு ஏற்ற வினையை ஆராய்ந்து ஒப்படைத்தல் வேறு என்பதனை அவ்விரு அதிகாரங்களின் வைப்பு முறையே காட்டுகிறது. பத்திரன மிகுந்த விக்கெட்டுகளைப் பெற்றது இறுதி ஓவர்களில். அவ்வேளையில் துடுப்பாட்டக்காரர் பொறுமையாக நிற்க இயலாது. எப்படியாயினும் மட்டையை வீசியாக வேண்டும். ஆகவே விக்கெட்டு விழுவதற்கும் அங்கே வாய்ப்பு மிகுதி. ஓட்டம் போவதற்கும் வாய்ப்பு மிகுதி. அந்தப் பணிக்கே உரிய அருங்கருவி அவர். அக்கருவி பயன்பட வேண்டுமாயின், அதற்கு முந்திய ஓவர்களில் பிறர் எதிரணியை அடக்கி வைத்திருத்தல் வேண்டும். எந்த வேளையில் பந்தைக் கொடுப்பது என்று அறிந்த தலைவர் ஒருவரும் வேண்டும். 2023ஆம் ஆண்டில் அவை யாவும் பொருந்தியிருந்தன. ஒருவரை நிறுத்திக்கொள்ளும்போது அவரைச் சூழ்ந்திருந்த அந்தப் பொருத்தத்தையும் சேர்த்து நிறுத்திக்கொள்ள இயலுமா என்று எண்ணுதல் வேண்டும்.

மூன்றாவது, உடல் நிலை. கையைத் தாழ்த்திச் சுழற்றி வேகமாக வீசும் முறை பார்ப்பதற்கு வியப்பாக இருப்பினும், தோளுக்கும் இடுப்புக்கும் தொடைக்கும் அது கொடுக்கும் சுமை பெரிது. இவ்விளைஞரை டெஸ்ட் ஆட்டங்களில் ஈடுபடுத்தாது, பெரிய போட்டிகளுக்கெனப் பேணி வைத்தல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டிலேயே தோனி வெளிப்படையாகக் கூறியதுண்டு. மறு ஆண்டே காயம் வந்தது. பதின்மூன்று கோடி கொடுத்து வாங்குவது அவர் திறமையை மட்டுமன்று. ஒரு பருவத்தில் எத்தனை நாள் அவர் நலமாகக் களத்தில் நிற்பார் என்பதையும் சேர்த்தே வாங்குகிறோம்.

நான்காவது, பலரும் மறந்துவிடுவது. ஆயினும் நான்கிலும் முதன்மையானது. அணிக்கு உண்மையில் ஆதாயம் எங்கிருந்து வந்தது என்பதே அது. 2023ஆம் ஆண்டில் சென்னை அணி பெற்ற பேறு, சிறந்த வீச்சாளர் ஒருவரைப் பெற்றது மட்டுமன்று. சிறந்த வீச்சாளரை இருபது இலட்சத்துக்குப் பெற்றதுதான் பேறு. அவரால் மிஞ்சிய பணத்தைக் கொண்டு வேறு நல்ல வீரரை அமர்த்த முடிந்தது. அவருடைய உழைப்பின் மதிப்புக்கும் அவருக்குக் கொடுத்த விலைக்கும் இடையே இருந்த பெரிய இடைவெளியே அணியின் இலாபம். பதின்மூன்று கோடி என்று விலை ஏறியபோது அந்த இடைவெளி மறைந்துவிட்டது. அவர் முன்போலவே ஆடினாலும் அணிக்கு முன்போன்ற ஆதாயம் இல்லை. சற்றுக் குறைந்து ஆடினாலோ இழப்பே. மாற்றாளாக வந்து மின்னிய வீரர் ஒவ்வொருவரையும் பற்றி முடிவெடுப்போர் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும். நேற்றைய ஆட்டத்தை நேற்றைய விலைக்குத் திரும்ப வாங்க எவராலும் இயலாது.

அப்படியாயின் சென்னை அணியார் எடுத்த முடிவு பிழையானதா? அவசரப்பட்டுக் கூறலாகாது. அவர் பக்கத்து நியாயமும் வலிமையானதே. இறுதி ஓவர்களில் வீசவல்லார் உலகிலேயே சிலர்தாம். ஏலத்துக்கு விட்டால் பிற அணிகள் அவரைப் பன்மடங்கு விலைக்கு எடுத்துவிடும் என்ற அச்சமும் இருந்தது. வயதோ இருபத்திரண்டு நிரம்பவில்லை. வளர்வதற்குக் காலம் இருந்தது. மூன்று பருவங்களாக அவரை அருகிருந்து கண்டவர்கள் அவர்களே. இத்தனையையும் எண்ணிப் பார்த்தே அவர்கள் துணிந்தனர் எனக் கொள்வதே முறை.

ஆனால் நடந்தது வேறு. 2025ஆம் ஆண்டுத் தொடரில் பத்திரன 12 ஆட்டங்களில் ஆடி 13 விக்கெட்டுகளைப் பெற்றார். ஓவருக்குப் பத்து ஓட்டங்களுக்கு மேல் கொடுக்க நேர்ந்தது. 2023ஆம் ஆண்டிலும் அவர் ஆடியவை இதே 12 ஆட்டங்கள். அப்போது கொடுத்தது ஓவருக்கு எட்டு ஓட்டமளவே. அவரைச் சூழ்ந்திருந்த அணியும் தளர்ந்திருந்தது. பதினான்கு ஆட்டங்களில் நான்கிலேயே வென்று, சென்னை அணி தன் வரலாற்றில் முதன்முறையாகப் பட்டியலின் இறுதியிடத்தைப் பெற்றது. அதே அணியில், ஏலத்தில் 10 கோடிக்கு எடுக்கப்பட்ட ஆப்கானிஸ்தான் சுழல்வீச்சாளர் நூர் அகமது 24 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 2025ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் சென்னை அணி பத்திரனவை விடுவித்தது.

கதை அத்துடன் முடிந்ததா எனின், இல்லை. அடுத்த திங்கள் 16ஆம் நாள் அபுதாபியில் நடைபெற்ற ஏலத்தில் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அணி அவரை 18 கோடிக்கு எடுத்துக்கொண்டது. ஒருவர் பதின்மூன்று கோடிக்கும் மிகுதியென்று விட்ட ஆளை, ஏறக்குறைய ஒரு திங்களில் மற்றொருவர் பதினெட்டுக் கோடிக்கு விரும்பி ஏற்றார்!

இது எப்படி என்று வியப்போர், கொழும்புத் தேயிலை ஏலத்தை எண்ணிப் பார்த்தால் விளங்கும். 1883ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் ஏலம் அது. ஒரே தோட்டத்துத் தேயிலையின் மாதிரியைச் சுவைக்கும் இருவர் இருவேறு விலை கூறுவர். ஒருவரிடம் அவ்வகைத் தேயிலை ஏற்கெனவே நிறைய இருக்கும். மற்றவருக்கோ, தாம் கலக்கும் கலவைக்கு அந்த மணமே குறையாக இருக்கும். கையிருப்புப் பணமும் ஒருவரைப் போல் மற்றவருக்கு இராது. அந்த ஏலத்தில் மிகுந்த பணத்தோடு வந்திருந்த அணி கொல்கத்தா அணியே. 64 கோடிக்கும் மேல் அதனிடம் இருந்தது. ஆகவே விலை என்பது வீரரின் நெற்றியில் எழுதப்பட்ட எண் அன்று. வாங்குவோரின் தேவையும் பணப்பையும் சேர்ந்து அதனை எழுதுகின்றன. விலை ஏறியதால் ஒருவர் பெருவீரர் ஆவதில்லை. விடுவிக்கப்பட்டதால் சிறுமையுறுவதும் இல்லை.

கடல் கடந்த நாடுகளிலும் இதுவே நிலை. அமெரிக்கர் கால்பந்து என்று வழங்கும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்து அன்று. நீள்வட்ட வடிவிலான பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தியும் ஓடும் ஆட்டம் அது. எறியும் பந்தை ஓடிச் சென்று ஏந்துவதற்கென்றே சில வீரர் உண்டு. நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணியில் அவ்வாறு பந்தேந்தும் பணிக்கு 2010ஆம் ஆண்டில் சேர்ந்தவர் விக்டர் குருஸ். புதிய வீரரைத் தெரிவு செய்யும் நாளில் எந்த அணியும் அவர் பெயரைக் கூறவில்லை. முதலாண்டில் ஒரு பந்தையேனும் அவர் ஏந்தவில்லை. 2011ஆம் ஆண்டில் இடம் கிடைத்தபோது 82 பந்துகளை ஏந்தி 1,536 யார் தூரத்தை அணிக்குப் பெற்றுக் கொடுத்தார். அப்பருவத்தில் அவருடைய அணியே நாட்டின் வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றது.

நியூயோர்க் அணியார் உடனே பெரும் ஒப்பந்தம் செய்துவிடவில்லை. மேலும் ஒரு பருவம் பொறுத்துப் பார்த்தனர். 2012ஆம் ஆண்டிலும் அவர் ஆயிரம் யாரைக் கடந்தார். அதன் பின்னரே, 2013ஆம் ஆண்டு யூலைத் திங்களில் ஐந்தாண்டுக்கு ஒப்பந்தம் செய்தனர். சான்றைப் பெருக்கிக்கொண்டு எடுத்த நல்ல முடிவு அது. ஆயினும் 2014ஆம் ஆண்டு அக்டோபரில் முழங்காலிற் பெருங்காயம் நேர்ந்தது. மறு ஆண்டு முழுவதும் அவர் ஆடவே இல்லை. மீண்டு வந்து 2016ஆம் ஆண்டில் ஆடியும் பழைய நிலை வரவில்லை. 2017ஆம் ஆண்டு தொடக்கத்தில் அணி அவரை விடுவித்தது. முடிவு நன்று, விளைவு தீது. முடிவெடுப்பவர் கையில் இருப்பது ஆராய்ச்சி ஒன்றே. விளைவு அவர் கையில் இல்லை. ஆதலால் எடுத்த நாளில் அறிந்திருந்தவற்றைக்கொண்டே ஒரு முடிவை மதிப்பிடுதல் வேண்டும். பின்னால் நடந்ததைக் கண்டபின் முன்னோரைப் பழிப்பது எவருக்கும் எளிது.

சென்னை, நியூயோர்க் ஆகிய பெருநகர்களின் கோடிக் கணக்கான பணத்தைப் பற்றிய இச்செய்தியால் மலைநாட்டாருக்கு என்ன பயன் என்று நேயர்கள் வினவலாம். பயன் உண்டு. தோட்டத்து மைதானங்களில் கிரிக்கெட்டும் கால்பந்தும் கரப்பந்தும் ஆடும் இளைஞர் குழுக்கள் பல. பள்ளிக்கூடங்களிலும் அணிகள் உண்டு. அங்கெல்லாம் ஆண்டுதோறும் ஒரு மாற்றாட்டக்காரர் திடீரென மின்னுகிறார். அப்பொழுது இருவகை அநீதிகள் நேர்வதைக் காணலாம்.

ஒன்று, முன்னர் இடம்பெற்றிருந்தவர் காயம் ஆறித் திரும்பியவுடன், மின்னிய மாற்றாளை ஒரு சொல்லும் கூறாமல் மீண்டும் ஓரத்தில் அமர்த்திவிடுவது. அவர் காட்டிய திறம் தற்செயலா, நிலையானதா என்று ஆராய்வதற்கு ஒரு வாய்ப்பேனும் கொடுப்பதில்லை. மற்றொன்று, இதற்கு நேர் மாறானது. ஒரு போட்டியில் ஆறு விக்கெட்டு எடுத்தார் என்பதற்காக, அடுத்த ஆண்டு முழுவதும் அணியின் சுமையை அவர் ஒருவர் தோளிலேயே ஏற்றுவது. காலையில் ஓர் ஆட்டம், மாலையில் ஓர் ஆட்டம், ஞாயிறுதோறும் வேறு குழுவுக்காக மற்றோர் ஆட்டம் என்று இளம் உடலை ஓயாது வருத்துவது. இதனால் பதினெட்டு வயதில் தோள் நோவோடு ஒதுங்கிவிடும் வீச்சாளரும், முழங்கால் நோவோடு ஒதுங்கும் கால்பந்து வீரரும் உண்டு. பெருநகர அணியின் வீரருக்குக் காயம் வந்தால் மருத்துவரும் பயிற்சியாளரும் சூழ்ந்து நிற்பர். லயத்து வீட்டு இளைஞருக்குக் காயம் வந்தால் அவருடன் நிற்பவர் பெற்றோர் மட்டுமே. பெரிய அணி முடிவில் தவறினால் பணத்தை இழக்கும். சிறிய அணி தவறினாலோ இழப்பது ஓர் இளைஞரின் உடலை. இந்த வேறுபாட்டை அணிப் பொறுப்பாளர் எந்நாளும் மறத்தலாகாது.

ஆகவே மாற்றாளாக வந்து மின்னியவரை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் நாளில், கூட்டத்தின் கைதட்டல் அடங்கும் வரை சில நாள் பொறுத்திருத்தல் நன்று. அவர் எத்தனை முறை, எவ்வகை எதிரிகளுக்கு எதிராக, எந்த இடத்தில் சிறந்தார் என்று ஓர் ஏட்டில் எழுதிப் பார்த்தல் நன்று. அவ்விடத்தையே மறு ஆண்டும் அவருக்குக் கொடுக்க இயலுமா என்று கேட்டுக்கொள்ளல் வேண்டும். அவருக்கு இடம் கொடுப்பதால் இடம் இழப்பவர் யார், அவரினும் இவர் எவ்வளவு மேலானவர் என்பதையும் நேர்மையாக நிறுத்துப் பார்த்தல் வேண்டும். உடல் ஓய்வுக்கு வேண்டிய நாள்களை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய நாள்களிலேயே ஆட்டத்தை வைத்தல் வேண்டும். இவற்றுக்குப் பின்னும் அவரே தக்கவர் எனத் தோன்றினால் துணிந்து நிறுத்திக்கொள்ளலாம். தக்கவர் அல்லர் எனத் தோன்றினால், காரணத்தை அவர் முகம் நோக்கிக் கூறி விடைகொடுக்கலாம்.

நன்றியுணர்வு இம்முடிவிற் குறுக்கிடுவது இயற்கை. சென்ற ஆண்டு கிண்ணம் பெற்றுத் தந்தவரை எப்படி விடுவது என்று மனம் தயங்கும். நன்றியைக் காட்டுவதற்குப் பரிசளிப்பு விழா உண்டு, மாலை உண்டு, பாராட்டுரை உண்டு. அடுத்த ஆண்டுக்கான இடம் என்பது அடுத்த ஆண்டு செய்ய வேண்டிய வேலைக்கான ஏற்பாடு. இரண்டையும் கலந்துவிட்டால் அணிக்கும் தீமை, அவருக்கும் தீமை. தம்மால் தாங்க இயலாத எதிர்பார்ப்பின் கீழ் நிறுத்தப்பட்டு, நேற்று வாழ்த்திய வாய்களாலேயே இன்று பழிக்கப்படும் நிலை எந்த இளைஞருக்கும் வருதலாகாது.

மாற்றாளாக இருக்கும் இளைஞர்க்கும் ஒரு சொல். உங்கள் விலையைப் பிறர் எழுதுவர். அது ஏறும், இறங்கும். பதின்மூன்று கோடி கொடுத்தவர்கள் விடுவித்ததும், பதினெட்டுக் கோடி கொடுக்க மற்றொருவர் வந்ததும் ஒரே இளைஞரின் வாழ்வில், பதின்மூன்று திங்களுக்கும் சற்று மிகுந்த காலத்துக்குள் நிகழ்ந்தவை. இவ்விரு செய்தியையும் ஒரே நிதானத்தோடு கேட்கப் பழகுதல் வேண்டும். உங்கள் கையில் இருப்பவை மூன்று: நாள்தோறும் செய்யும் பயிற்சி, பேணிக் காக்கும் உடல், விடாது தொடரும் படிப்பு. ஆட்டம் சில ஆண்டுகளில் ஓயும். அதற்குப் பின்னரும் நீண்ட வாழ்வு உண்டு. வாய்ப்பு வராத நாளிலும் இம்மூன்றையும் கைவிடாதவரே, வாய்ப்பு வந்த நாளில் முதற் பந்திலேயே விக்கெட்டை வீழ்த்த ஆயத்தமாக நிற்பார்.